கிக்கரை முதல் ரவுண்டுல எடுக்குற லீக்: பொசிஷன் ரேட்டிங்கை எப்படிச் சரி பண்றது?

வணக்கம் மக்களே. அமெரிக்கன் ஃபுட்பால் லீக் சிமுலேஷன் ஓட்டுறவங்களுக்கு அடிக்கடி வர்ற தலைவலி இது: கம்ப்யூட்டர் டீமுங்க டிராஃப்ட்ல (புது ஆட்களை ரவுண்டு ரவுண்டா தேர்ந்தெடுக்குறது) முதல் ரவுண்டுலயே கிக்கரை, அதாவது பந்தை உதைக்க மட்டும் வர்ற ஆளை, எடுக்கும். உடனே நிறைய பேர் எல்லா கிக்கருக்கும் 15 பாயிண்ட் குறைச்சிடுறாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. மேட்ச் இன்ஜின் (மேட்சை ஓட்டுற நிரல்) அந்த ரேட்டிங்கைப் படிச்சா, ஃபீல்ட் கோல் (கிக்கர் உதைச்சு எடுக்குற ஸ்கோர்) சதவீதமும் சேர்ந்து விழுந்துடும். நிஜ அமெரிக்க லீக்கான என்எஃப்எல்ல அது 85 சதவீதம் பக்கம் இருக்கு.

இதுல ரெண்டு நம்பர் இருக்கு. ரேட்டிங்னா, ஒரு ஆளு தன் பொசிஷன்ல எவ்வளவு நல்லா ஆடுவான்னு சொல்றது. வெயிட்னா, அந்தப் பொசிஷன் ஸ்கோரை எவ்வளவு மாத்தும்னு சொல்றது. ரெண்டையும் கலந்தா எதுவுமே சரியா வராது.

முதல்ல ரேட்டிங். 32 டீமோட ஸ்டார்ட்டர்களை மட்டும் எடுங்க: குவார்ட்டர்பேக் (பந்தை எறியுற ஆளு) 32 பேர், சேஃப்டி (பின்னால நின்னு தடுக்குறவங்க) 64, ஆஃபென்சிவ் லைன் (குவார்ட்டர்பேக்கைக் காக்குற அஞ்சு பேர்) 160. பெஞ்சைச் சேர்க்கக் கூடாது. குவார்ட்டர்பேக்ல பாதிக்கு மேல பேக்கப்தான், லைன்ல அப்படி இல்ல. சேர்த்தா சராசரி ஒவ்வொரு பொசிஷன்லயும் ஒவ்வொரு மாதிரி கீழ போகும். இப்போ ஒவ்வொரு பொசிஷனோட ரேட்டிங்கையும் சராசரி 65, திட்ட விலக்கம் (நம்பருங்க சராசரில இருந்து எவ்வளவு சிதறுதுங்கிற அளவு) 8 வர்ற மாதிரி மாத்துங்க.

ஒரு உதாரணம் பாருங்க. கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடுற எதிரணி ஆளைத் தடுக்குறவர்) சராசரி 58, விலக்கம் 10. சேஃப்டி சராசரி 72, விலக்கம் 4. ஒரே ஆளுக்கு கார்னர்ல 68, சேஃப்டில 71 இருக்கு. ஃபுட்பால் ஜிஎம்ங்கிற சிமுலேஷன் மாதிரி ஒரே ஆளுக்கு எல்லாப் பொசிஷன்லயும் ரேட்டிங் இருக்குற கேம்ல, பெரிய நம்பரை மட்டும் பார்த்து ஆளை வச்சா இவன் சேஃப்டிக்குப் போயிடுவான். மாத்தின பிறகு கார்னர்ல 73, சேஃப்டில 63. அருமையான கார்னர், சராசரிக்குக் கீழ சேஃப்டி. உங்க இன்ஜின் ஓவரால் நம்பரையே நேரா எடுத்துக்குதுன்னா, பழைய நம்பரைத் தனியா வச்சு அதையே இன்ஜினுக்குக் குடுங்க.

அடுத்தது வெயிட். எல்லாரும் 50 ரேட்டிங்ல இருக்குற ரெண்டு டீம் செஞ்சுக்கோங்க. ஒரு டீம்ல ஒரே ஒரு பொசிஷனை 60 ஆக்கி 10,000 மேட்ச் ஓட்டுங்க, பாதி ஹோம், பாதி அவே. சராசரி ஸ்கோர் வித்தியாசத்தை, ஏத்தின 10 ரேட்டிங் பாயிண்டால வகுத்தா வர்றதுதான் உங்க வெயிட். ஏன் இத்தனை மேட்ச்னா, ஒரு மேட்ச்ல ஸ்கோர் வித்தியாசத்தோட விலக்கமே 13 பாயிண்ட் பக்கம் வரும். 17 மேட்ச் சீசன் ஒண்ணை வச்சுப் பார்த்தா பிழை 3 பாயிண்டுக்கு மேல, 10,000-ல 0.13 தான். லீக் சீசன் டேட்டால ரிக்ரஷன் (எந்தப் பொசிஷனுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிக்கிற புள்ளியியல் கணக்கு) போடுறது எனக்குப் பிடிக்காத வழி. நல்ல டீம்ல குவார்ட்டர்பேக்கும் அவர் எறியுறதைப் பிடிக்கிற ரிசீவரும் சேர்ந்தே நல்லா இருப்பாங்க, யாரால ஜெயிச்சாங்கன்னு பிரிக்கவே முடியாது.

ஆஃபென்சிவ் லைனை மட்டும் ரெண்டு விதமா ஓட்டுங்க: ஒருத்தரை மட்டும் ஏத்தி, அப்புறம் அஞ்சு பேரையும் ஏத்தி. அஞ்சு பேருக்கு வர்ற பலன் ஒருத்தரோட பலனுக்கு அஞ்சு மடங்குக்கு ரொம்ப மேல போனா, இன்ஜின் லைன்ல பலவீனமான ஆளை வச்சே சாக்கை (பந்தோட இருக்குற குவார்ட்டர்பேக்கைக் கீழ தள்ளுறது) முடிவு பண்ணுதுன்னு சந்தேகப்படலாம். அப்போ தனி ஆளுக்கு ஒரே வெயிட் செல்லாது.

கடைசியா டிராஃப்ட் மதிப்பு: ரேட்டிங்ல இருந்து, எந்த டீம்லயும் இல்லாம சும்மா கிடைக்கிற ஃப்ரீ ஏஜென்ட்டோட ரேட்டிங்கைக் கழிச்சு, வெயிட்டால பெருக்குங்க. கிக்கர் 80, ஃப்ரீ ஏஜென்ட் 74, வெயிட் 0.05-னு வச்சா 0.3 பாயிண்ட். குவார்ட்டர்பேக் 75, ஃப்ரீ ஏஜென்ட் 50, வெயிட் 0.3-னா 7.5. கிக்கரோட ரேட்டிங்ல 15 பாயிண்ட் குறைக்காமலே அவன் கடைசி ரவுண்டுக்குப் போயிடுவான்.

இங்கயும் ஒரு பொறி இருக்கு. வருங்கால வருஷங்களைக் கூட்டுற ஃபார்முலால கிக்கர் மறுபடி மேல வருவான், ஏன்னா கிக்கருங்க ரொம்ப வருஷம் ஆடுவாங்க. என்எஃப்எல் கிக்கர் ஆடம் வினாட்டியேரி 46 வயசுலயும் ஆடினார். அதனால ஃப்ரீ ஏஜென்ட் கழித்தலை ஒவ்வொரு வருஷத்துக்கும் தனியா பண்ணிட்டு, அப்புறம் கூட்டுங்க.