முன்னால் ஏறுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன்பு வாயிலில் ஓர் அறிவிப்பு வரும். கூடுதல் நேரமோ உதவியோ தேவைப்படுகிறவர்கள் முதலில் வரலாம் என்பார்கள். சில நாட்களில் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். சில நாட்களில் எழுந்து வருகிறவர்களின் வரிசை பொது வரிசை அளவுக்கு நீண்டுவிடும். இத்தனை பேருக்கும் உண்மையிலேயே உதவி தேவைதானா என்ற முணுமுணுப்பும் கூடவே எழும். அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் கிடையாது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். வேலைக்காக அடிக்கடி விமானத்தில் போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஏறுவது எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய நாற்காலி விமானத்துக்குள் நுழையாது, உள்ளே நடைபாதை அவ்வளவு குறுகல். கதவருகே என்னை அதிலிருந்து இறக்கி, ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான அகலமே உள்ள ஒடுங்கிய நாற்காலி ஒன்றுக்கு மாற்றுவார்கள். மார்பிலும் தொடையிலும் பட்டை போட்டு இறுக்குவார்கள். கைகளை மடியில் கோத்துக்கொள்ளச் சொல்வார்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் முழங்கை இடித்துக்கொண்டே போகும். என் இருக்கை வந்ததும் ஒருவர் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுப்பார், இன்னொருவர் முழங்காலுக்கு அடியில் பிடித்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கி உள்ளே வைப்பார்கள். அந்த நேரத்தில் உடை விலகும். கால் ஒரு பக்கமாக மடங்கிக் கிடக்கும், எனக்கு அது தெரியாது, பார்த்துச் சரிசெய்ய வேண்டும். உள்ளே யாரும் இல்லாதபோது இதெல்லாம் பதற்றமில்லாமல் முடிந்துவிடும். பயணிகள் பாதி ஏறிய பிறகு செய்தால், வழியை அடைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்நியர் இருவர் என்னைத் தூக்குவார்கள். முன்னால் ஏறுவதால் எனக்குக் கிடைப்பது அந்தக் கொஞ்சம் மறைவுதான். இறங்கும்போது எல்லாரும் போன பிறகு, கடைசியாகத்தான் என்னை இறக்குவார்கள்.

சரி, தேவையில்லாதவர்கள் இதில் ஏன் நுழைகிறார்கள்? அங்கே கவர்ந்திழுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2008 வாக்கில் பெரிய விமான நிறுவனங்கள் சரக்கறையில் போடும் முதல் பெட்டிக்கே கட்டணம் வாங்க ஆரம்பித்தன. பலரும் பெட்டியைக் கையோடு உள்ளே கொண்டுவரத் தொடங்கினார்கள். தலைக்கு மேலே இருக்கும் அடுக்கில் எல்லாருடைய பெட்டிக்கும் இடம் கிடையாது. முன்னால் ஏறியவருக்கு இடம் உண்டு, பின்னால் வந்தவருக்கு இல்லை. சவுத்வெஸ்ட் நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கை எண்ணே தராமல் விமானம் ஓட்டியது. யார் முதலில் ஏறுகிறாரோ அவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். அந்த விமானங்களில்தான் முன்கூட்டி ஏறுகிறவர்கள் பற்றிய புகார் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இதோடு, சக்கர நாற்காலி கேட்டால் பாதுகாப்புச் சோதனையிலும் குடிநுழைவுச் சோதனையிலும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

2024இல் ஃபிரன்டியர் விமான நிறுவனத்தின் அப்போதைய தலைவர் பேரி பிஃபில் இதை வெளிப்படையாகவே பேசினார். 20 பேர் சக்கர நாற்காலியில் வந்து ஏறிய விமானத்திலிருந்து இறங்கும்போது, 3 பேருக்கு மட்டுமே நாற்காலி தேவைப்பட்டதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. சக்கர நாற்காலி கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கொஞ்ச தூரம் நடக்கக்கூடியவர்கள். மூட்டு தேய்ந்தவர், இதயம் பலவீனமானவர், நுரையீரல் நோய் உள்ளவர் இவர்களால் நாலு எட்டு வைக்க முடியும், விமான நிலையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முடியாது. இறங்கும் இடத்தில் நாற்காலி வரத் தாமதமானால், காத்திருந்து அலுத்துப்போய் வலியைப் பொறுத்துக்கொண்டு நடந்தே போய்விடுகிறவர்களும் உண்டு.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு முழங்கால் வலி என்று சொல்லி, ஏழெட்டுப் பேர் அவரோடு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் வருகிற நஷ்டம் நாற்காலியைத் தள்ளுகிற ஊழியரிடம்தான் முதலில் தெரியும். ஒரு நேரத்தில் இருப்பது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நாற்காலிகள், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்கள். தேவை இல்லாத ஒருவரைத் தள்ளிக்கொண்டு போகிறவர், அந்த நேரத்தில் தேவை உள்ள இன்னொருவரிடம் வர முடியாது.

நாற்காலி போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை விமான நிலையத்தில் நடந்ததே போதும். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து 80 வயதுப் பெரியவர் ஒருவர் மனைவியோடு ஏர் இந்தியா விமானத்தில் வந்து இறங்கினார். மனைவிக்கு நாற்காலி கிடைத்தது. தேவை அதிகமாக இருந்ததால் அவரைக் காத்திருக்கச் சொன்னதாக நிறுவனம் பின்னால் விளக்கம் தந்தது. அவர் மனைவியின் கூடவே நடந்தார். குடிநுழைவுப் பகுதிக்கு அருகே சரிந்து விழுந்தார், இறந்துபோனார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அன்று யாரோ பொய் சொல்லி நாற்காலி வாங்கியதால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. அன்றைக்கு இன்னொரு நாற்காலி இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் மனம் அடித்துக்கொள்கிறது.

இன்னொரு பாதிப்பு கண்ணுக்குத் தெரியாதது. என்னைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வலிப்பு நோய் உள்ள இளைஞரையோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் தாயையோ, கால்சட்டைக்குள் செயற்கைக் கால் போட்டிருப்பவரையோ பார்த்தால் சந்தேகப்படுவார்கள். நாலு பேர் பொய் சொன்ன வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் அவர், எல்லார் பார்வைக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். விளக்கம் சொல்லாமலேயே ஊழியருக்குச் சேதி போய்விடும். இன்று பல நாடுகளில் அது பழக்கத்தில் இருக்கிறது.

மருத்துவர் சான்றிதழ் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி, எனக்குக் கூடுதல் நேரம் தேவை என்று வாயிலில் சொல்கிற மாற்றுத்திறனாளியை முன்கூட்டி ஏறவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி, உதவிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் நம் உடம்பை நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை என்ற இந்த நிலை சும்மா வந்துவிடவில்லை, பலர் போராடி வாங்கியது. சான்றிதழ் கேட்டால் பொய் சொல்கிறவர் எங்கிருந்தாவது ஒன்றை வாங்கி வந்துவிடுவார். மருத்துவரிடம் அலைந்து பணம் கட்டி நிற்பது நாங்கள்தான்.

முன்னால் ஏறுவதில் இருக்கும் லாபத்தை எடுத்துவிட்டாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். 2026 ஜனவரி முதல் சவுத்வெஸ்ட்டும் இருக்கை எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது, அது நல்லது. உதவி தேவைப்படுகிறவரோடு துணைக்கு ஒருவர் போதும் என்று எல்லா இடத்திலும் கண்டிப்பாக நடந்துகொள்ளலாம்.

அப்புறம், மொழி தெரியாத, முதல்முறை பறக்கிற வயதான பெற்றோருக்காகப் பிள்ளைகள் சக்கர நாற்காலி கேட்கிறார்கள். நன்றாக நடக்கக்கூடிய அம்மா, வழி தவறிவிடுவாரோ என்ற பயத்தில் நாற்காலியில் உட்காருகிறார். இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயம் நியாயமானது. அவர்களுக்கு வேண்டியது கூட நடந்து வழி காட்ட ஓர் ஆள். பல நிறுவனங்களில் அப்படி ஒரு சேவையும் இருக்கிறது, சிலவற்றில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நாற்காலி இலவசம், வழிகாட்டி காசு என்றால் எதைக் கேட்பார்கள்? நிறுவனங்கள் உடனே சரிசெய்யக்கூடியது இது.

பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு ஒரு விவரம். விமான நிறுவனங்கள் சக்கர நாற்காலித் தேவையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றன: ஒன்று, படியேறக்கூடிய, ஆனால் நீண்ட தூரம் நடக்க முடியாதவர்; இரண்டு, படியேற முடியாத, ஆனால் விமானத்துக்குள் தானே இருக்கைக்குப் போகக்கூடியவர்; மூன்று, இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவர். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே கூப்பிட்டு, இதில் எது என்று உள்ளபடி சொல்லுங்கள். வழிகாட்ட ஆள் மட்டும் போதுமென்றால் அதையே கேளுங்கள். எந்த வாயிலுக்கு எத்தனை பேரை அனுப்புவது, ஒடுங்கிய நாற்காலியை எங்கே கொண்டுவந்து வைப்பது என்று அவர்கள் திட்டமிடுவது அந்தப் பதிலை வைத்துத்தான்.

நன்றி, வணக்கம்.