ஏமன் பச்சோந்தி வளர்ப்பு: விளக்கையும் தண்ணீரையும் முதலில் கவனியுங்கள்

[காட்சி: தலையில் உயர்ந்த கொண்டையுடன் கிளையைப் பற்றியிருக்கும் பச்சோந்தி]

நம் ஊர் வேலியில் திரியும் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைத் தொடாதீர்கள். இங்கே பார்ப்பது ஏமன், சவூதி அரேபிய மலைப்பகுதிகளைச் சேர்ந்த, பண்ணைகளில் பொரிக்கப்படும் ஏமன் பச்சோந்தி.

வளர்ந்த ஒன்றுக்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரத்தில் வலைக்கூண்டு தேவை. மூடிய கண்ணாடித் தொட்டியில் காற்று தேங்கினால் நுரையீரலில் தொற்று வரும். ஒரு கூண்டில் ஒன்றுதான். மணி பிளான்ட், செம்பருத்தி வையுங்கள். பச்சோந்தி இவற்றைக் கடித்தாலும் கெடுதல் இல்லை.

[காட்சி: கூண்டின் மேல் நீளமான டியூப், பக்கத்தில் வெப்ப பல்பு]

விளக்கு இரண்டு வேண்டும். ஒன்று வெப்பத்துக்கு, மற்றொன்று புற ஊதா பி கதிருக்கு. தோலில் இந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். முன்னங்கால் வளையும், தாடை மெத்தென்று ஆகும், நீட்டிய நாக்கு பூச்சியை எட்டாமல் தொங்கும். வளைந்த எலும்பு பிறகு நிமிராது.

அதனால் 5 அல்லது 6 சதவீதப் புற ஊதா பி கதிர் என்று குறித்த டி5 (T5, மெல்லிய குழல் விளக்கு) டியூப் வாங்குங்கள். கிளையில் உட்காரும் பச்சோந்தியின் முதுகுக்கும் டியூபுக்கும் 20 முதல் 23 செ.மீ. இடைவெளி விடுங்கள். தினம் 12 மணி நேரம் எரியட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்திருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது.

வெப்ப பல்பின் கீழ் குளிர்காயும் கிளையில் 29 டிகிரி செல்சியஸ் போதும். பல்பு நெருங்கினால் கொண்டையும் முதுகும் வெந்துபோகும்; சூடு உறைத்தாலும் அது சட்டென விலகாது.

[காட்சி: இலை நுனியில் துளி, அதை நோக்கி நீளும் நாக்கு]

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். விடியலிலும் விளக்கு அணையும் நேரத்திலும் இரண்டு நிமிடம் பனித்தூறல் தெளியுங்கள். பகலில் சொட்டு சொட்டாக விழும் டிரிப்பர். பகலில் கூண்டு நன்றாகக் காய வேண்டும். நாள் முழுக்க ஈரம் என்றால் பூஞ்சை வரும்.

எச்சத்தைத் தினமும் பாருங்கள். பழுப்புப் பகுதியோடு வரும் கட்டி வெள்ளையாக இருந்தால் நீர்ச்சத்து சரியாக இருக்கிறது. ஆரஞ்சு நிறமாகி, கண்ணும் குழிந்திருந்தால் நீர் போதவில்லை.

தீனி: வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முதல் ஐந்து சிள்வண்டு (கிரிக்கெட் பூச்சி). பூச்சியின் நீளம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. முந்தைய நாள் பூச்சிக்குக் கீரையும் கேரட்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் டி3 கலக்காத கால்சியப் பொடியை லேசாகத் தூவுங்கள். டி3, வைட்டமின் ஏ உள்ள பொடி மாதம் இருமுறை மட்டும், அதிகமானால் நஞ்சு.

[காட்சி: தரையில் அலையும் பெண் பச்சோந்தி, மணல் தொட்டி]

பெண் பச்சோந்தி துணை சேராமலே முட்டை சுமக்கும். தீனியும் சூடும் கூடினால் முட்டையின் எண்ணிக்கையும் கூடும். எனவே பெண்ணுக்கு அந்தக் கிளையில் 27 டிகிரிக்கு மேல் வேண்டாம். 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி எப்போதும் கூண்டில் இருக்கட்டும். தோண்டிய வளை சரியாத அளவுக்கு ஈரம் வேண்டும். தோண்டும்போது எட்டிப் பார்த்தால் பாதியில் விட்டுவிடும். கூண்டைத் துணியால் மறையுங்கள். முட்டையிடாமல், பகலிலேயே கண்ணை மூடித் தரையில் கிடந்தால், அன்றே ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.