பத்தோடு பதினொண்ணு

நடுவர் அவர்களே, எதிரணியில உட்கார்ந்து அடிக்கடி சட்டைக் கையை மேல இழுத்து விட்டுக்கிட்டிருக்கிற நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ரோலெக்ஸ் சப்மரினர் கைக்கடிகாரம் இன்னைக்கும் கௌரவத்தின் அடையாளமா, பத்தோடு பதினொண்ணா?" இதுதான் தலைப்பு. கடலுக்குள்ள இறங்குறவங்களுக்காக ரோலெக்ஸ் கம்பெனி செஞ்ச வாட்ச்தான் சப்மரினர். நான் பதினொண்ணு பக்கம்.

இங்க வர்றதுக்கு நம்ம சிங்கப்பூர் ஜூரோங் ஈஸ்ட்ல எம்ஆர்டி ரயில் ஏறினேன். உட்கார இடமில்லை. நின்னுக்கிட்டு வந்தா கண்ணுக்கு நேரா என்ன தெரியும்? கம்பியைப் பிடிச்சிருக்கிற கைங்கதான். அந்தக் கைங்கள்ல சப்மரினர். கறுப்பு முகம், சுத்தி எண் போட்ட வளையம், பென்ஸ் கார் சின்னம் மாதிரி மணி முள்ளு, மூணு மணி இடத்துல தேதி, தேதிக்கு மேல கொப்புளமாட்டம் ஒரு பூதக்கண்ணாடி. ராஃபிள்ஸ் பிளேஸ் வர்றதுக்குள்ள நாலு எண்ணிட்டேன். ஒருத்தர் டை கட்டின பேங்க் ஆசாமி. ஒருத்தர் அரைக்கால் சட்டை போட்ட பெரியவர். ஒரு பாலிடெக்னிக் பையன். நாலாவது ஆளு, முதுகுல சாப்பாட்டுப் பை மாட்டின டெலிவரி தம்பி.

இதுல எது ஒரிஜினல்? எனக்குத் தெரியாது. அந்த ரயில்ல யாருக்கும் தெரியாது. ஆனா பேங்க்காரர் கையில இருக்கிறதுதான் ஒரிஜினல்னு இப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டீங்கல்ல? அப்ப கௌரவம் டையில இருக்குங்க!

எதிரணியோட முதல் பேச்சாளர் சொன்னார்: "கடைக்குப் போனா உடனே கிடைக்காது. பேரை எழுதி வச்சிட்டு மாசக்கணக்கா காத்திருக்கணும். கிடைக்காத பொருள் எப்படிங்க சாதாரணமாகும்?" நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். கல்யாண வீட்டுல பந்திக்கு வெளிய நூறு பேர் நிக்கிறாங்க. அதனால உள்ள யாருமே சாப்பிடலைன்னு அர்த்தமா? உள்ள இலை போட்டு இடமில்லாம உட்கார்ந்திருக்காங்கய்யா, அதனாலதான் வெளிய வரிசை!

ரோலெக்ஸ் கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வாட்ச் செய்யுதுன்னு வாயே திறக்காது. எல்லா மாடலும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேலன்னு சந்தையைக் கவனிக்கிறவங்க மதிப்பிடுறாங்க. சப்மரினர் 1953-லேர்ந்து வருது. அதுல 5513-ங்கிற ஒரே ஒரு வகை, 1962-ல ஆரம்பிச்சு கால் நூற்றாண்டுக்கு மேல ஓடுச்சு. சப்மரினர் பெரும்பாலும் எஃகு. உடையாது, மக்காது, குப்பைக்கும் போகாது. தாத்தா கையிலேர்ந்து அப்பா கை, அப்பா கையிலேர்ந்து பேரன் கை, பேரனுக்குப் பணமுடைன்னா அடுத்தவன் கை. எழுபது வருஷமா வீட்டுக்குள்ள வந்துக்கிட்டே இருக்கு, வெளிய போறதே கிடையாது. 2022 டிசம்பர்ல அந்தக் கம்பெனியே, பழைய வாட்ச்சைச் சோதிச்சு முத்திரை குத்தி விக்கிற ஏற்பாட்டை ஆரம்பிச்சிடுச்சு. செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு மொதலாளியே கூரை போட்டுத் தர்றார். இதுக்குப் பேரு அபூர்வமாங்க?

அடுத்து, "ரோட்டோரப் போலியை வச்சு ஒரிஜினலை எடை போடாதீங்க"ன்னு எதிரணியில பேசின அந்தம்மா கோபப்பட்டாங்க. சரிம்மா, போலியை விடுங்க. 1954-க்குப் போவோம். சப்மரினர் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அப்ப ஒரு புது வாட்ச் வருது. பார்க்க அதே மாதிரி. கூட்டுக்குள்ள மட்டும் வெளியில வாங்கின இயந்திரம். விலை குறைவு. பேரு என்ன தெரியுமா? டியூடர் சப்மரினர். சப்மரினர்ங்கிற பேரைக் கூட மாத்தலை! யார் செஞ்சது? திருட்டுத்தனமா எவனோ செய்யலை. ரோலெக்ஸை உருவாக்கின அதே ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபோட இன்னொரு கம்பெனிதான் டியூடர். பிரெஞ்சுக் கடற்படைக்காரங்க வருஷக்கணக்கா அதைக் கட்டிக்கிட்டுத்தான் தண்ணியில குதிச்சாங்க. அந்த முகத்தை ஊருக்குப் பொதுவாக்கினதே அந்த வீட்டுக்காரங்கதான். அதுக்கப்புறம் எவனெவனோ கறுப்பு முகத்தையும் சுத்துற வளையத்தையும் போட்டு வித்தான். இன்னைக்கு ஒரு குழந்தைகிட்ட "வாட்ச் படம் வரை"ன்னு சொன்னா, பாதி சப்மரினரை வரைஞ்சிடும்.

ஜேம்ஸ் பாண்ட் பேரையும் இழுத்தாங்க. 1962-ல பாண்டா நடிச்ச ஷான் கானரி திரையில கட்டினது சப்மரினர்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த பாண்டே 1995-ல ஓமேகா வாட்ச்சுக்கு மாறிட்டாருங்க! அவரே விட்டுட்டாரு, நீங்க ஏன் பிடிச்சித் தொங்குறீங்க?

அந்த வளையம் எதுக்குன்னு கட்டியிருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கடலுக்குள்ள இறங்குறவர், வளையத்துல இருக்கிற முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா வைப்பார். அப்புறம் முள்ளு காட்டுறது, இறங்கி எத்தனை நிமிஷம் ஆச்சுங்கிற கணக்கு. இப்ப வர்றதுல வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும். பாறையில இடிச்சு நகர்ந்தாலும் நேரம் கூடுதலா ஆன மாதிரித்தான் காட்டும், மனுஷன் சீக்கிரமா மேல வந்திடுவார். உயிரைக் காப்பாத்துற யோசனை அது. எங்க அடுக்குமாடி புளோக்குல ஒரு நண்பர் இருக்கார். அதே வளையத்தைத் திருப்பி வச்சு இட்லி வெந்துச்சான்னு பார்க்கிறார். 300 மீட்டர் ஆழத்தைத் தாங்குற வாட்ச், இட்லிப் பானை ஆவியில நிக்குது. நான் குறை சொல்லலை. இட்லி பஞ்சு மாதிரி வருது.

முதல் மணி அடிச்சிட்டீங்க, நடுவர் அவர்களே. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உட்கார்ந்திடுறேன்.

என் மாமனார் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில வெல்டரா இருந்தவர். எண்பதுகள்ல ஓவர்டைம் காசைச் சேர்த்து சப்மரினர் வாங்கினார். கௌரவத்துக்கு இல்லை. "தண்ணி போகாது, தட்டினா உடையாதுன்னாங்க, வாங்கினேன்"பார். கண்ணாடி முழுக்கக் கீறல். ஒருநாள் நான்தான் வாய் சும்மா இல்லாம, "மாமா, இன்னைக்குப் புதுசு பத்தாயிரம் வெள்ளிக்கு மேல"ன்னு சொல்லிட்டேன். மனுஷன் ஆடிப்போயிட்டார். கழட்டிக் கைக்குட்டையில சுத்தி, பாஸ்போர்ட் வச்சிருக்கிற டிராயர்ல வச்சுப் பூட்டினார். ஒரு வாரம் வெறுங்கையைத் தடவிக்கிட்டே திரிஞ்சார். எட்டாம் நாள் காலையில, "நேரம் தெரிய மாட்டேங்குதுப்பா"ன்னு மறுபடியும் எடுத்துக் கட்டிக்கிட்டு தேக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

வழக்கமா வாங்குற மீன்காரர்கிட்ட நின்னோம். அவர் ஐஸுக்குள்ள கையை விட்டு ஒரு கொடுவாயை இழுத்து வெளிய எடுக்கிறார். மணிக்கட்டுல செதில் ஒட்டின சப்மரினர், பச்சை வளையம் வச்சது! எனக்குத் தாங்கலை. "அண்ணே, ஒரிஜினலா?"ன்னேன்.

"மீனைக் கேட்கிறியா, வாட்ச்சைக் கேட்கிறியா?"ன்னார்.

மாமனார் காசு கொடுக்கக் கையை நீட்டினார். பலகைக்கு மேல ரெண்டு கையும் பக்கத்துல பக்கத்துல. மீன்காரர் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னார்: "மாமா, உங்க வாட்ச் ரெண்டு நிமிஷம் ஸ்லோவா ஓடுது. திருப்பி வச்சுக்குங்க."