ஊசிப் படிவத்தில் ஒரு கேள்வி வேண்டும்

கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வேலையை எல்லாம் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அம்மா அவர்களே, வெயிலில் நாற்காலி போட்ட என்.எஸ்.எஸ். தம்பிகளே, என் பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். தடுப்பூசிக்கும் பீரியட்ஸுக்கும் என்ன சம்பந்தம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும், அரசிடம் என்ன கேட்க வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் கடைசி. மே 1 முதல் 18 வயதானவர்களுக்கும் கொரோனா ஊசி என்று அறிவித்திருந்தார்கள். மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது. அது பொய் என்று மத்திய அரசின் செய்தித் துறையான பிஐபி அப்போதே சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் பாட்டிக்கு அந்த மறுப்பு வந்து சேரவில்லை. "வீட்டுக்குத் தூரமாகிற நேரம், போகாதேடி" என்கிறார். அவள் போய்விட்டாள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். சுகரா, பிரஷரா, அலர்ஜியா என்று கேட்டார்கள், பீரியட்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை. தானே கேட்கலாம் என்றால் பின்னால் வரிசையாக ஆண்கள். பேசாமல் திரும்பி வந்துவிட்டாள்! அடுத்த மாதம் போட்டுக்கொண்டாள். பீரியட்ஸ் ஒரு வாரம் தள்ளி வந்தது, உதிரப்போக்கும் அதிகம். இனி குழந்தையே பிறக்காதோ என்று ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள், அம்மாவிடம்கூட சொல்லாமல். இரண்டு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

அவளுக்குத் தள்ளிப்போனதற்கு ஊசிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், காய்ச்சலும் கவலையும்கூட நாளைத் தள்ளிப்போடும். ஆனால் 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். ஊசிக்குப் பிறகு சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் தள்ளிப்போனது, ஒரே மாதவிடாய்ச் சுழற்சியில் இரண்டு டோஸும் போட்டவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு நாள். கருத்தரிப்பதற்குத் தடையில்லை என்று வேறு ஆய்வுகள் காட்டின. உதிரப்போக்கு அதிகமாகலாம் என்பதை ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2022 அக்டோபரில் பரிந்துரைத்தது. அங்கே பெண்கள் வாய்விட்டுச் சொன்னார்கள், அதனால் ஆராய்ந்தார்கள். அழுத பிள்ளை பால் குடித்தது.

டாக்டரிடம் எப்போது போவது என்பதை மருத்துவர் அம்மா விரிவாகச் சொல்வார். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் அன்றைக்கே போய்விடுங்கள், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

எனக்கு முக்கியம், ஊசி போடுமுன் சுகரா, பிரஷரா என்று கேட்டு நிரப்புகிற அந்தப் படிவம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி முக்கியமாக 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கானது. வயதுக்கு வருகிற வயது அது. ஊசி போடாவிட்டாலும் முதல் ஓரிரு வருடம் பீரியட்ஸ் முன்னே பின்னே வரும். ஊசி போட்ட மாதம் அப்படியானால் பழி முழுக்க ஊசி மேல் விழும், அடுத்த வாட்ஸ்அப் செய்தி தயார். நல்ல ஊசி அது, எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்: கடைசியாக எப்போது வந்தது, ஊசிக்குப் பின் மாற்றம் உண்டா என்று படிவத்தில் ஒரு வரி சேருங்கள், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மனு எழுதி வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், தம்பிகளும் போடலாம்.