கூரை இல்லாத மண்டபம்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பழைய புகைப்படத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபம். சுவர் இருக்கிறது, தூண் இருக்கிறது, அண்ணாந்தால் வானம். 1945 ஆகஸ்ட் கடைசியில் பிரிட்டிஷ் கப்பற்படை திரும்பி வந்தபோது அந்த வளாகம் இருந்த கோலம் அது.

குண்டு மட்டுமா காரணம்? இல்லை, விறகும்தான். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அடுப்பெரிக்க வழியில்லாத ஜனங்கள் உத்தரம், கதவு, ஜன்னல் சட்டம் என்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுமார் 16 லட்சம் பேர் இருந்த ஊர் 6 லட்சமாகச் சுருங்கிய காலம் அது.

ஆச்சரியம் என்னவென்றால், கூரை போன இடத்தில் புத்தகம் பிழைத்தது. பல்கலைக்கழகத்தின் ஃபுங் பிங் ஷான் நூலகத்தில் இருந்த சீன நூல்களைப் போர்க்காலம் முழுவதும் விட்டுப் போகாமல் காத்தவர் நூலகர் சென் ஜுன்பாவ்.

மாணவர்களும் பிழைத்தார்கள். மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் கார்டன் கிங் தப்பிச் சீனாவுக்குள் போய், அங்கே வந்து சேர்ந்த மருத்துவ மாணவர்களுக்குச் சீனப் பல்கலைக்கழகங்களில் இடம் பிடித்துக் கொடுத்தார். அதாவது, கட்டடம் மூடிக் கிடந்தபோதும் படிப்பு நிற்கவில்லை.

சரி, திறப்பது எப்படி? ஓடு போடுவது கொத்தனார் வேலை. லண்டனில் எழுந்த கேள்வி வேறு: இதைத் திறக்கத்தான் வேண்டுமா, திறந்தால் யாருக்காக? 1911-ல் ஆளுநர் லுகார்ட் இதைத் தொடங்கியபோது மனதில் இருந்தது சீனா முழுவதும். ஒரு சின்னத் தீவுக் காலனிக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பிரிட்டிஷ் காலனி அமைச்சகத்தின் கல்வி ஆலோசகர் கிறிஸ்டோபர் காக்ஸ் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, திரும்ப நிறுவலாம் என்றது. பணத்துக்கு உறுதி கிடைக்க இன்னும் காலம் பிடித்தது.

ஹாங்காங்கில் ஜப்பானியர் வைத்திருந்த ஸ்டான்லி தடுப்பு முகாமில் மூன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்த துணைவேந்தர் டங்கன் ஸ்லாஸும் சகாக்களும் அதுவரை காத்திருக்கவில்லை. 1946 அக்டோபரில், இருந்ததை வைத்து வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். திட்டமிடுதல் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான்.

1949-ல் லிண்ட்ஸே ரைடு துணைவேந்தரானார். ஜப்பானியரின் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பி, சீனாவிலிருந்து ரகசிய உதவிப் படை நடத்தியவர். அதே ஆண்டு சீனாவில் ஆட்சி மாறியது. யாருக்கான பல்கலைக்கழகம் என்று லண்டன் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது அப்படித்தான்: சீனாவிலிருந்து அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்த ஹாங்காங்குக்கு.

மண்டபத்துக்கும் கூரை வந்தது. 1956-ல் அதற்கு லோக் யூ மண்டபம் என்று பெயர் வைத்தார்கள். மலாயாவில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீனர் அவர். ஆரம்ப காலத்தில் பல்கலைக்கழகம் பணமில்லாமல் திண்டாடியபோது வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்.