மெட்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பி.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு நாட்டுப்புறவியல் என்று ஒரு தாள் உண்டு. தாலாட்டு, ஒப்பாரி, தொழில் பாட்டு, கதைப்பாடல், விடுகதை, பழமொழி என்று அலகு பிரித்து நடத்துவோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாலு பாட்டுச் சேகரித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்புவோம். வந்ததைத் திருத்துவது என் வேலை. எதுகை, மோனை, உவமை, உறவுப்பெயர் எல்லாம் அடிக்கோடிட்டு வந்திருக்கும். மெட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதை ஒருவர் வாய்விட்டுப் பாடினார் என்பதற்கான அடையாளமே ஏட்டில் தெரியாது.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்த்துறை சொல்லைப் பார்க்கிறது. இசைக் கல்லூரிக்குப் போனால் அங்கே பெரும்பாலும் வர்ணம், கீர்த்தனை. நடவு வயலில் பாடுகிறவளின் மெட்டு, இரண்டு வீட்டாரும் கைவிட்ட பிள்ளை மாதிரி நடுத்தெருவில் நிற்கிறது. நாட்டுப்புறவியலையும், மக்களின் இசையை அவர்கள் வாழ்க்கையோடு வைத்து ஆராய்கிற இனவிசையியலையும் பட்டப்படிப்பிலேயே சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

நம் முன்னோடிகளுக்கு அன்றைக்கு வசதியில்லை. 1960-களில் பேராசிரியர் நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைத் தொகுத்தபோது, எஸ்.எஸ். போத்தையா போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். சேகரித்தவர் பெயர், பாடல் கிடைத்த இடம் எல்லாம் போட்டு அச்சிட்டார்கள். டேப் ரெக்கார்டர் அன்று எத்தனை பேரிடம் இருந்தது? அதற்கும் வெகுகாலம் முன்னால், 1890-இல், ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்ற அமெரிக்கர் மெய்ன் மாநிலத்தில் பாஸமக்வாடிப் பழங்குடிகளின் பாட்டை எடிசனின் ஃபோனோகிராஃபில் பதிந்தார். மெழுகு உருளை ஒன்றில் இரண்டு மூன்று நிமிடம்தான் கொள்ளும், பாட்டு நீண்டால் பாதியில் நிற்கும். இன்று முதலாமாண்டு மாணவனின் சட்டைப் பையில் மணிக்கணக்காகப் பதிகிற கருவி இருக்கிறது. இருந்தும், சொல்லை மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டு, இடம் போதவில்லை என்று பதிவை அழித்துவிடுகிறார்கள்.

ஒரு தாலாட்டை எடுத்துக்கொள்வோம். ‘ஆராரோ ஆரிரரோ’ என்று தொடங்கும். ஏட்டில் அதை ஒரு தடவை எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். பொருளில்லாத சொல்தானே! பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால் கதை வேறு. மாமன் கொண்டுவந்த சீர், அத்தை கொண்டுவந்த சீர் எல்லாவற்றையும் பாட்டி மளமளவென்று, பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொண்டே போகிறாள். ஆராரோ வந்ததும்தான் குரல் விரிகிறது. கடைசி ஓகாரத்தை நீட்டி, லேசாக அசைத்து, கீழே இறக்குகிறாள். தொட்டில் ஒருதரம் போய்த் திரும்புகிற நேரம் அந்த நீட்டலில் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு மாமன் சீரா தெரியும்? தூங்கவைக்கிறது அந்த ஓகாரம்தான். புள்ளி வைத்துத் தாண்டியதும் அதைத்தான்.

இந்த இடத்தில் சங்கீதம் தெரிந்த மாணவர் யாராவது இருந்தால், ‘ஐயா, இது நீலாம்பரி’ என்பார். ஒப்பாரி என்றால் ‘முகாரி’. எனக்கு இந்த அவசரம் பிடிப்பதில்லை. நாலைந்து சுரத்துக்குள் சுற்றி வருகிற ஒரு மெட்டுக்கு ராகப் பெயரை ஒட்டிவிட்டால், அதோடு கேட்பது நின்றுபோகும். எங்கே மூச்சு விடுகிறாள், எந்த எழுத்தில் ஏறுகிறாள், எதை நீட்டுகிறாள் என்று முதலில் எழுதட்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். போகட்டும்.

ஒப்பாரி சேகரிக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். சாவில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாட மாட்டார்கள். ‘நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள அதைப் பாடலாமா?’ என்பார்கள். கொல்லைக்கோ தோட்டத்துக்கோ கூட்டிப்போய்ப் பாடிக் காட்டுவார்கள். பாடப் பாட, தன் வீட்டில் போனவர்களை நினைத்து நிஜமாகவே அழுதுவிடுகிறவர்களும் உண்டு. அப்போது ஃபோனை அணைப்பதா, ஓடவிடுவதா? அணைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. மறுநாள் போய், ‘இதை வைத்துக்கொள்ளலாமா பாட்டி?’ என்று கேட்டுக்கொள்ளலாம். எந்த வினாத்தாளிலும் இந்தக் கேள்வி வராது. ஆனால் இந்தப் படிப்பே இதில்தான் இருக்கிறது.

வில்லுப்பாட்டுக்கு வருவோம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுடலைமாடன் கதை அச்சுப் புத்தகமாகக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு பாத்திரப் படைப்பு, கற்பனைத் திறன் என்று எழுதலாம், எழுதியும் வருகிறார்கள். கோயில் கொடைவிழாவுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் மற்றது தெரியும். வீசுகோல் நாணில் விழுகிறது, வில்லில் கட்டிய மணிகள் கூடவே குலுங்குகின்றன, பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. புலவர் ஒரு அடியை எடுத்துக் கொடுக்க, இடப்பக்கத்தார் வாங்கிப் பாடுகிறார்கள். சாமி வருகிற கட்டம் நெருங்கும்போது கதை நகராது. ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், வேகம் ஏறும், உடுக்கை முந்தும். சாமியாடிக்கு அருள் வருகிற வரைக்கும் புலவர் அந்த அடியை விட மாட்டார். புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி! எந்தக் கதை எந்தச் சாமத்தில் என்பதற்கும் முறை உண்டு. இங்கே வந்து கொடை கொடையாகப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? 1960-இல் மேன்டில் ஹூட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒன்று சொன்னார்: ஓர் இசையை ஆராய வருகிறவன் அதைப் பாடவோ வாசிக்கவோ கற்றுக்கொள்ள வேண்டும். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இதை நடத்திக் காட்டினார்கள். வீணை தனம்மாளின் பேரன்மார் ரங்கநாதன் மிருதங்கமும் விசுவநாதன் குழலும் பாட்டும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் 1962-இல் இளங்கலை முடித்த ஜான் ஹிக்கின்ஸ்தான், பிற்பாடு சென்னைக்கு வந்து கர்நாடக சங்கீதம் பாடம் கேட்டு, ஹிக்கின்ஸ் பாகவதர் என்று பெயர் வாங்கியவர்.

நம் ஊரில் பறையைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுகிற மாணவன் பறையைக் கையில் எடுத்ததே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்குச் சாதிதான் காரணம், மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. கலைஞர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அழைத்து, வகுப்பிலேயே கற்றுத்தரச் சொல்ல வேண்டும். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சட்டும். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் மூங்கில் சுண்டுக்குச்சி. சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி என்று பறையில் அடிவகைகள் உண்டு; அவற்றின் வித்தியாசம் கை சொல்லும், காது சொல்லும். அதற்கப்புறம் அதே ஐந்து மதிப்பெண் வினாவை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு செய்தி. ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு ஆய்வாளர் 1938-இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றி ஒலிப்பதிவு செய்தார். 1984-இல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளின் நகலோடு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்துக்கு வந்து, பதிந்த ஊர்களைத் தேடிப் போய்ப் போட்டுக் காட்டினார்கள். நாற்பத்தாறு வருடம் கழித்து! நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு காத்திருப்பு வேண்டாம், பாடியவரின் பேத்திக்கு அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்தக் கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளை யாராவது ஃபோனோடு உங்கள் திண்ணைக்கு வந்தால், பாட்டைச் சொல்லி எழுத வைக்காதீர்கள். பாடிக் காட்டுங்கள். யாரிடம் கற்றது, என்ன வேலையின்போது பாடுவது என்பதையும் அவன் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பதிவை அழித்துவிடாதே என்று ஒரு அதட்டலும் போடுங்கள்.

வணக்கம்.