அல்வாவும் வைர முனையும்

[காட்சி: நெல்லையப்பர் கோயில் எதிரே, அந்தி நேரம். இலைத்துண்டில் சூடான அல்வா.]

வணக்கம். அல்வா பதம் வந்துவிட்டதா என்று நம் ஊரில் எப்படிப் பார்ப்போம்? விரலால் லேசாக அமுக்குவோம். விரல் எவ்வளவு உள்ளே போகிறது என்பது பாதிதான். எடுத்ததும் குழி எவ்வளவு எழும்பி வருகிறது என்பதில் மீதி தெரிந்துவிடும்.

[காட்சி: ஜங்ஷன் பக்கம் ஹார்டுவேர் கடை. தங்க நிற டிரில் பிட்.]

இந்தத் தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. தடிமன் சுமார் 2000 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தலைமுடி இதைவிட முப்பது, நாற்பது மடங்கு தடிமன். பூச்சு மட்டும் எவ்வளவு கெட்டி? ஆழமாக அமுக்கினால் அடியில் இருக்கும் எஃகும் சேர்ந்து பதில் சொல்லும். அதனால் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, 200 நானோமீட்டரோடு நிறுத்துவது வழக்கம்.

[காட்சி: மூன்று பக்க வைரப் பிரமிடு, மெல்ல இறங்குகிறது.]

இதுதான் பெர்கோவிச் முனை, நானோ இன்டென்டர் என்ற அமுக்கிப் பார்க்கும் கருவியின் நுனி. விசை, ஒன்றிரண்டு கிராம் எடை அழுத்துகிற அளவுதான். விழுந்த குழியைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் நம்பி அளக்க முடியாது, ஓரமெல்லாம் மங்கும். அப்புறம் எப்படி?

ஆலிவர், ஃபார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992இல் தந்த முறை, நம் அல்வா விரல் செய்கிற வேலைதான். விசையையும் ஆழத்தையும் விடாமல் பதிவு செய்து கோடாக வரைய வேண்டும். அமுக்கும்போது நிரந்தரக் குழியும் மீட்சியும் கலந்து கிடக்கும். முனையை எடுக்கத் தொடங்கும் கணத்தில் மீட்சி தனியாகத் தெரியும். அந்தக் கோட்டின் சாய்வுதான் விறைப்பு. அதை வைத்து முனை தொட்டிருந்த பரப்பு கிடைக்கும். விசையைப் பரப்பால் வகுத்தால் கடினத்தன்மை. யங் குணகமும், அதாவது பொருள் மீள்கிற வகையில் வளைய எவ்வளவு மறுக்கிறது என்ற எண்ணும், அதே சாய்விலிருந்து வரும். குழியைப் பார்க்காமலே இவ்வளவும் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

 

[காட்சி: சித்திரை வெயிலில் சாலை. பிறகு, மூடிய பெட்டிக்குள் கருவி.]

சரி, இந்த அளவீட்டுக்கு எதிரி யார்? வெப்பம். 10 சென்டிமீட்டர் எஃகுக் கம்பி ஒரே ஒரு டிகிரி சூடானால் சுமார் 1200 நானோமீட்டர் நீளும். நாம் அளப்பதோ 200! அதனால் மாதிரியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, வெப்பம் அடங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அதன் பிறகும் மிஞ்சும் நகர்வைத் தனியே அளந்து கழிப்பார்கள்.

[காட்சி: கண்ணாடி போன்ற சிறு சதுரத் துண்டு.]

கடைத் தராசுக்கு முத்திரை போல, இந்தக் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க உருக்கிய சிலிக்கா, ஒரு வகைத் தூய கண்ணாடி. இதன் யங் குணகம் சுமார் 72 கிகாபாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு; கிகா என்றால் நூறு கோடி). இதில் அந்த எண் வந்தால்தான் டிரில் பிட்டை உள்ளே வைக்க வேண்டும்.